மூன்றாவது வேண்டாம்

வேண்டாங்க, வேண்டாங்க. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. நீங்கதான முன்னாடி வந்து துண்டு போட்டீங்க. அட, எனக்கெதுக்குங்க, வயசானவன் எங்க உக்காந்தா என்ன... சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க. இனி மறுத்தா நல்லா இருக்காது. காலைக் கொஞ்சம் நகத்துங்க தம்பி.

இந்தக் காலத்துல ரெண்டாவது தடவை கேக்கறதுக்கு ஆளே இல்லீங்க. முதல் தடவை எல்லாரும் கேப்பாங்க. அது வாய்ப்பேச்சு. ரெண்டாவது தடவை கேக்கறான் பாருங்க, அவன்தான் மனுஷன். நீங்க மூணு தடவை கேட்டீங்க. நல்லா வளர்த்திருக்காங்க உங்களை.

பையை மேல வெக்க வேண்டாங்க. இல்லை, நிஜமாவே வேண்டாம். இது அந்த வேண்டாம் இல்லை. உள்ள இஸ்திரி போட்ட சட்டை இருக்குது, மடிப்புக் கலைஞ்சிரும். மடியிலயே இருக்கட்டும்.

ஒரு நிமிஷம், இந்த ஃபோனைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. டவர் காட்டுதா? சத்தம் முழுசா வெச்சிருக்குதா? சரிங்க, சரிங்க. அவசரம் ஒண்ணுமில்லை. யாராச்சும் கூப்பிட்டா எடுக்கணுமில்லீங்களா.

கோயமுத்தூர்தான் போறேன். மகள் வீட்டுக்கு. விசேஷமெல்லாம் இல்லீங்க, சும்மா. இன்னைக்கு ஊர்ல இருக்க வேண்டாம்னு ஒரு யோசனை. அவ்வளவுதான்.

நான் சரித்திர வாத்தியாருங்க. நாகமாணிக்கம்னு பேரு. கரூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டையர் ஆனேன், உதவித் தலைமையாசிரியரா. வேலைல சேர்ந்ததுல இருந்து பேருக்கு முன்னாடி ஏதாச்சும் ஒரு 'உதவி' ஒட்டிக்கிட்டேதான் வந்தது. ஆண்டு விழாவுல மேடைல மூணு நாற்காலி போடுவாங்க பாருங்க, நடுவுல ஒண்ணு உசரமா, கைப்பிடியில தேக்கு வேலைப்பாடெல்லாம் இருக்கும். அதுல நான் உக்காந்ததே இல்லை. ஓரத்து நாற்காலிலதான். வரவேற்புரை, இல்லாட்டி நன்றியுரை. நல்லாப் பேசுவேன், அதுல குறை சொல்ல முடியாது.

எங்க ஊர் அமராவதி மணல்ல ரோமாபுரிக் காசு கிடைச்சுதே, கேள்விப்பட்டிருப்பீங்க. ராஜா தலை போட்ட காசு. அதுலதான் எனக்குப் பைத்தியம் பிடிச்சுது. அந்த ராஜாங்க சண்டை போட்டதெல்லாம் எனக்குப் பெருசில்லைங்க. சண்டை எல்லாரும்தான் போடறான். உள்ளூர்ல எப்படி ஆண்டாங்க, அதுதான் விஷயம்.

முதல் ஆளு அகஸ்டஸ். அவருக்கு முன்னாடி இருந்தவர், இவரைத் தத்து எடுத்தவர், ராஜா ஆகப் பாக்கறார்னு சபையிலயே குத்திக் கொன்னுட்டாங்க. இவர் அதைப் பாத்தார். ஆசை இருக்கலாம், ஆனா ஆசை வெளிய தெரியக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டார். எல்லாம் கைக்கு வந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் சபைக்குப் போய், 'இந்தாங்க, உங்க நாடு, நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு வேண்டாம்'னார். சபைக்காரங்க பதறிட்டாங்க. 'நீங்க விட்டுட்டுப் போனா நாங்க என்ன பண்ணுவோம்'னு கெஞ்சினாங்க. சரி, உங்களுக்காகக் கொஞ்சம் பாத்துக்கறேன்னு எடுத்துக்கிட்டார். எதை எடுத்துக்கிட்டார் தெரியுமுங்களா? பெரும்படை எங்கெங்க இருக்குதோ அந்தச் சீமையை எல்லாம்! மிச்சத்தை நீங்க ஆளுங்கன்னுட்டார்.

ராஜான்னு கூப்பிட விடலை. 'முதல் குடிமகன்', அவ்வளவுதான். வருஷா வருஷம் தலைவருங்களைத் தேர்ந்தெடுத்தாங்க, சபை கூடுச்சு, எல்லாம் பழையபடி. உள்ள வந்தார்னா ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி வணக்கம் வைப்பாராம். மனுஷன் போட்டுக்கிட்ட துணிகூட வீட்டுப் பொம்பளைங்க தறியில நெய்ததாம். அடடா!

இதையெல்லாம் நான் யார்கிட்டச் சொன்னேன்? அங்கதானுங்க வினை.

தெய்வசிகாமணின்னு ஒருத்தர். பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கார். நாம உக்காந்திருக்கோமே, இந்த பஸ்ஸே அவர் பட்டறைல கட்டினதா இருந்தாலும் இருக்கும். எங்க நகர்ல நாலு வீடு தள்ளி அவர் வீடு. தினம் காலைல ஆத்துப் பாலம் வரைக்கும் ரெண்டு பேரும் நடப்போம். படிப்பு கம்மிங்க அவருக்கு. ஆனா கேக்கற கேள்வி இருக்குதே! 'அப்புறம் என்னங்க சார் பண்ணினாரு?' 'சபைல ஒருத்தன்கூட எதுத்துப் பேசலீங்களா சார்?' முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், ஒரு பையன் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல உசுருங்க. ஒளிக்க என்ன இருக்குது.

அப்ப அவர்தான் எங்க குடியிருப்போர் சங்கத்துத் தலைவர். ரொம்ப வருஷமா அவரேதான். 'ஒரே ஆளு உக்காந்துக்கிட்டு இருக்கான்'னு நாலு பேர் முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. அந்த வருஷக் கூட்டத்துல எந்திரிச்சு, 'எனக்குத் தலைவர் பதவி வேண்டாம். சாவி, சீல் எல்லாம் இந்தா இருக்குது'ன்னு மேசை மேல வெச்சுட்டார். எனக்குப் பளிச்சுனு புரிஞ்சு போச்சு. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலைங்க, நானாத்தான் எந்திரிச்சேன். 'நீங்க இல்லாம இந்த நகர் ஒரு நாள் நடக்குமா?'ன்னேன். வேண்டாம்னார். மறுபடி என்னோட இன்னும் ரெண்டு பேர் எந்திரிச்சாங்க. ரெண்டாவது தடவையும் வேண்டாம்னார். மூணாவது தடவை நான் கிட்டப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான், 'தலைவரா இருக்க மாட்டேன், வருஷம் ஒருத்தர் தலைவரா இருக்கட்டும், நான் கூட இருந்து பாத்துக்கறேன்'னார். அவருக்கு என்ன பேர் வெக்கறதுன்னு யோசிச்சாங்க. 'முதல் உறுப்பினர்'னு நான்தான் பேர் வெச்சேன். கை தட்டல் அடங்கவே இல்லைங்க.

அதுல இருந்து வருஷம் ஒரு தலைவர். ஒரு வருஷம் பேங்க் மேனேஜர், ஒரு வருஷம் பல் டாக்டர். நடு நாற்காலில உக்காருவாங்க, காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவாங்க. வாட்ச்மேன் யார் பேச்சைக் கேப்பான்? முதல் உறுப்பினர் பேச்சை. மண்டபத்துச் சாவி? அவர் வீட்டு ஆணியில தொங்கும்.

ஒரு கோடைல நகரோட போர்வெல் வத்திப் போச்சு. பொம்பளைங்கெல்லாம் குடத்தோட சங்கத்து மண்டபத்துக்கு முன்னாடி வந்து நின்னுட்டாங்க. அந்த வருஷத் தலைவர் உள்ளயே கதவைச் சாத்திக்கிட்டார். 'எல்லாத்தையும் நீங்களே எடுத்து நடத்துங்க'ன்னு தெய்வசிகாமணியைக் கேக்கறாங்க. ரோம்லயும் இதேதான் நடந்ததுங்க! பஞ்சம் வந்தப்ப, இவருக்கு முழு அதிகாரம் கொடுக்கலைன்னா சபையோட சேத்துக் கொளுத்திருவோம்னு ஜனங்க நின்னாங்க. அவர் மண்டி போட்டு, மேல்துணியைத் தள்ளிட்டு, அது மட்டும் வேண்டாம்னு கெஞ்சினார். தானியப் பொறுப்பை மட்டும் வாங்கிக்கிட்டார். இவரும் தோள்ல கிடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, 'என்னை ராஜா ஆக்காதீங்க தாயி, தண்ணிப் பொறுப்பை மட்டும் கொடுங்க'ன்னார். முந்தின நாள் நடக்கறப்பவே 'மண்டி போடோணுமா சார்?'னு கேட்டிருந்தார். மூட்டுவலியோட அதெல்லாம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். மோட்டார் ரூம் சாவியும் அவர்கிட்டப் போச்சு. எனக்குப் பூரிப்புத் தாங்கலை. நான் வாயால சொன்னது ஒருத்தர் கையில நிஜமா நடக்குதுங்க! எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும்?

எங்கூட்டுக்காரி தனபாக்கியம் மட்டும் சிரிப்பா. 'அந்தக் கதைல நீங்க யாரு?'ம்பா. அகஸ்டஸுக்கு ஒரு கூட்டாளி இருந்தாரு, சண்டையெல்லாம் ஜெயிச்சுக் கொடுத்தது அந்தக் கூட்டாளிதான், நான் அவர்னு சொல்லுவேன். 'நீங்க கை தட்டற சபைக்காரரு'ன்னுட்டுக் குழம்பைத் தாளிக்கப் போயிருவா. படிக்காதவ இல்லைங்க, அவளும் எம்.ஏ.தான். ஆனா சரித்திரம் இல்லை.

க.பரமத்தி வந்துருச்சா? ஃபோன் அடிச்சுதுங்களா இப்ப? இல்லையா. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

தெய்வசிகாமணி எங்கிட்ட ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார், 'அடுத்த வருஷம் தலைவர் நீங்கதானுங்க சார்.' வருஷம் வரும், வேற ஒருத்தர் பேர் வரும். எனக்கு வருத்தமில்லைன்னுதான் சொல்லுவேன். வருத்தம் இருந்ததுங்க. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அந்த நடு நாற்காலி. நான் வேற என்ன கேட்டேன்?

போன வருஷம் நிச்சயமாச் சொல்லிட்டார். பாலத்து மேல நின்னு, என் தோள்ல கை போட்டு, 'இந்தத் தடவை நானே எந்திரிச்சு உங்க பேரைச் சொல்றேன்'னார். அன்னைக்கே, நடந்துக்கிட்டே, இன்னொண்ணும் கேட்டார். 'சார், ஒருத்தர் வேண்டாம்னு சொல்லி, அதோட நிஜமாவே விட்டுப் போன கதை உண்டுங்களா?' நான் ரெண்டாவது ராஜா கதையைச் சொன்னேன். அவர் பேரு டைபீரியஸ். அவரும் வேண்டாம் வேண்டாம்னார், ஆனா இழு இழுன்னு இழுத்துட்டார். ஒரு சபைக்காரன் பொறுமை போய், 'ஒண்ணு எடுத்துக்கட்டும், இல்லாட்டி விட்டுத் தொலையட்டும்'னு கத்திட்டான். தெய்வசிகாமணி நின்னு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். நானும் சேந்து சிரிச்சேன். ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தோம்.

கூட்டத்தன்னிக்கு எங்கூட்டுக்காரி புதுச் சட்டை, சரிகைக் கரை வேட்டி எடுத்து வெச்சிருந்தா. மகளும் மருமகனும் கோயமுத்தூர்ல இருந்து வந்துட்டாங்க. முன்வரிசைல உக்காந்துட்டாங்க. மேடைல நாற்காலி மூணு. நடு நாற்காலி காலி.

தெய்வசிகாமணி சொன்னபடி எந்திரிச்சார். 'இந்த வருஷம் நம்ம நாகமாணிக்கம் சார் தலைவரா வரணும்.' எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. எந்திரிச்சேன். கை கும்பிட்டேன். சொன்னேன், 'வேண்டாங்க. என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.'

நின்னேன்.

ஃபேன் சத்தம் கேக்குதுங்க. வேற ஒண்ணும் கேக்கலை. நான் தெய்வசிகாமணியைப் பாக்கறேன். அவர் எந்திரிக்கணும். அவருக்கு நான் எந்திரிச்ச மாதிரி, கையைப் பிடிச்ச மாதிரி. எனக்கு ரெண்டாவது வேண்டாம் நாக்கு நுனில தயாரா நிக்குது. மூணாவதும் தயாரு. அதுக்கு அப்புறம் பேச வேண்டிய ஏற்புரையும் மனப்பாடம்.

எந்திரிச்சாருங்க. எந்திரிச்சு என்ன சொன்னார் தெரியுமா? 'இதுதானுங்க நம்ம சாரோட பெருந்தன்மை. அவர் ஒரு வார்த்தை சொன்னா அது கடைசி வார்த்தை. பெரியவரைக் கட்டாயப்படுத்திச் சங்கடப்படுத்தறது மரியாதை இல்லை.' எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத்தான் தட்டினாங்க! 'அப்ப எங்க மாப்பிள்ளை ராஜகுமார் இருக்கட்டும்'னார். பேரைப் பாருங்க, ராஜகுமார்! அந்தப் பையன் எந்திரிச்சு, 'சரிங்க மாமா'ன்னு நேரா மேடையேறி நடு நாற்காலில உக்காந்துட்டான். ஒரு வேண்டாம்? பேருக்கு ஒரே ஒரு வேண்டாம்? இல்லைங்க! இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாகரிகமே தெரியலை.

எங்கிட்ட வந்து, 'சார், நன்றியுரை'ன்னாங்க. சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன். மகள் மூஞ்சியைப் பாக்க முடியலை. வீட்டுக்கு நடந்து வர்றப்ப எங்கூட்டுக்காரி ஒரே கேள்விதான் கேட்டா. 'வேணும்னா வேணும்னு சொன்னா என்ன?' அப்படியாடி சொல்லுவாங்க, அலையற மாதிரி?

ஒரு வேளை அவர் மெய்யாலுமே நம்பிட்டாரோன்னு நானும் ராத்திரியெல்லாம் சமாதானம் சொல்லிப் பாத்தேன். விடியறப்ப எந்திரிச்சு மண்டபத்துக்குப் போனேன். வாசல்ல தலைவருங்க பேரெல்லாம் எழுதின பலகை இருக்குது. கடைசி வரில ராஜகுமார்னு எழுதியாச்சு. சிவப்பு எனாமல் பெயிண்ட். விரலை வெச்சு அழுத்திப் பாத்தேன். ஒட்டலைங்க. நல்லாக் காஞ்சிருக்குது. எனாமல் காய ஒரு முழு நாள் வேணும். கூட்டம் முடிஞ்சதே முந்தின சாயங்காலம்தான்.

அல்வா கொடுத்துட்டார். நான் சொல்லிக் கொடுத்த பாடத்துலயே எனக்கு அல்வா. ஊருக்கெல்லாம் பண்ணட்டும், என்கிட்டயா? நான் அவருக்கு மூணு தடவை எந்திரிச்சேன். அவர் என்னை ரெண்டாவதா ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? அன்னைக்கோட நடக்கப் போறதை விட்டேன். அவர் வீட்டு வாசல்ல நின்னு 'சார்'னு கூப்பிட்டார். வேண்டாம்னேன். அடுத்த நாள் கூப்பிடலை. பாத்தீங்களா அவர் குணத்தை?

வெள்ளகோவிலா இது? டீ குடிக்கவா? எனக்கு வேண்டாங்க, நீங்க போய்ட்டு வாங்க.

வந்துட்டீங்களா. குடிச்சீங்களா? இல்லை, இல்லை, எனக்கெதுக்கு. நான்தான் வேண்டாம்னேனே. ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்.

இன்னைக்கு ஏன் ஊர்ல இருக்கலைன்னுதான கேட்டீங்க? இன்னைக்குத்தானுங்க இந்த வருஷக் கூட்டம். சாயங்காலம் ஆறு மணி. அந்த ராஜகுமார் திருப்பூருக்குக் குடி போயிட்டான். நாற்காலி மறுபடி காலி. காலைல நான் சட்டையை இஸ்திரி போட்டுட்டு இருந்தப்ப தெய்வசிகாமணி ஃபோன் பண்ணினார். ஒரு வருஷம் கழிச்சு. குரல் தழுதழுத்ததுங்க, பொய் சொல்ல மாட்டேன். 'சார், போனதை மனசுல வெக்காதீங்க. இந்தத் தடவை நீங்கதான் தலைவர். வந்துருங்க சார்'னார்.

நான் என்ன, அவ்வளவு லேசுப்பட்டவனா? 'வேண்டாங்க, நான் கோயமுத்தூர் போறேன்'னேன். 'அப்படிங்களா சார்'னார். வெச்சுட்டார். வாயில வந்ததைச் சொல்லிட்டேன், அப்புறம் போகாம இருந்தா பொய்யாயிருமில்லீங்களா. அதான் கிளம்பிட்டேன். சட்டையையும் எடுத்துக்கிட்டேன். போற வழியில எங்க கூப்பிட்டாலும் இறங்கி, எதிர் பஸ் பிடிச்சு, அப்படியே போய் மேடையேறிரலாம். காங்கயம் வரைக்கும் நேரம் இருக்குது, நான் கணக்குப் போட்டுட்டேன். பல்லடம் போயிட்டா முடியாது.

நானே கூப்பிடறதா? அதெப்படிங்க! கேட்டு வாங்கின மாதிரி ஆயிருமே. ரெண்டாவது தடவை அவர்தான் கேக்கணும். அவருக்குத் தெரியும். தெரியாம என்ன, நான்தான சொல்லிக் கொடுத்தேன்.

காங்கயம் வந்துருச்சே. இவ்வளவு சீக்கிரமாவா? கண்டக்டர் தம்பி, இங்க எவ்வளவு நேரம் நிக்கும்? ரெண்டு நிமிஷந்தானா?

தம்பி, உங்களை ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க ஃபோன்ல இருந்து என் நம்பருக்கு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. ரிப்பேராயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். சொல்றேன், போடுங்க... ஆங், அதான்.

அடிக்குது.

நல்லாத்தான் அடிக்குது.

இருங்க, கட் பண்ணிராதீங்க. பஸ் கிளம்பற வரைக்கும் அடிக்கட்டும்.